அறுநூறு கிலோ டிராலிக்கு எந்த முட்டு?

பெங்களூர் பீன்யாவில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், ஒரு திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு ஆங்கர் போல்ட்டுகள். தரைக்கு வெளியே கிடந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் புனல் மாதிரி ஒரு காங்கிரீட் துண்டு அப்படியே ஒட்டியிருந்தது. போல்ட் அறுந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். போல்ட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை, தரையைத்தான் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தது.

நடந்தது இதுதான். காஸ்டிங்குகளை, அதாவது உருக்கி வார்த்த உலோகத் துண்டுகளை, லாரியிலிருந்து இறக்கும் இடத்துக்கும் மெஷின் வரிசைக்கும் நடுவே 6 மீட்டர் தண்டவாளம் போட்டிருக்கிறோம். அதில் ஒரு டிராலி ஓடுகிறது. டிராலியின் எடை 150 கிலோ, லோடு 450, ஆக மொத்தம் 600 கிலோ. தண்டவாளத்தின் முடிவில் முட்டாக, எல் வடிவத்தில் ஒரு தடித்த இரும்பு ஆங்கிளை பிளேட்டில் வெல்டு அடித்து, நான்கு போல்ட்டில் தரையோடு பிடித்திருந்தோம். டிராலி வரும், டங்கென்று இடிக்கும், நிற்கும். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. சனிக்கிழமை நைட் ஷிஃப்டில் அந்த ஆங்கிள் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை.

"எஷ்டு டன்?" என்று கேட்டார் முதலாளி. எத்தனை டன் தாங்குகிற ஸ்டாப்பர் போட வேண்டும் என்பது அவர் கேள்வி. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படியே அதற்குப் பதில் சொல்ல முடியாது. லோடு ஏற்றும் பையன் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் இதே டிராலி நிற்கிறது. அவன் கொடுப்பது 30 கிலோ விசை, எடுத்துக்கொள்வது ஒரு மீட்டர் தூரம். ஆங்கிள் கொடுத்தது பத்து டன், எடுத்துக்கொண்டது 3 மில்லிமீட்டர். டிராலி ஒன்றே, வேகமும் ஒன்றே. எத்தனை மில்லிமீட்டருக்குள் நிறுத்தப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்தால்தான் எத்தனை டன் என்ற பேச்சே வரும்.

சரி, பத்து டன் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முட்டுக்கு முன்னால் ஒரு மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, செல்போனில் ஸ்லோ மோஷனில் வீடியோ எடுத்தோம். வழக்கமான தள்ளலில் ஒரு மீட்டரைக் கடக்க ஒரு நொடி ஆனது. எண் இவ்வளவு வட்டமாக வந்ததில் எனக்கே கொஞ்சம் சந்தேகம், மறுபடி நாலு தடவை எடுத்துப் பார்த்தேன். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. அரைப் பங்கு × 600 × 1 × 1, அதாவது 300 ஜூல். இந்த 300 ஜூலையும் முட்டு வாங்கிக்கொண்டால்தான் டிராலி நிற்கும். ஆற்றலை நிற்கிற தூரத்தால் வகுத்தால் சராசரி விசை. ஆங்கிளும் பிளேட்டும் சேர்ந்து 3 மில்லிமீட்டர் வளைந்து கொடுத்தன என்று வைத்தால், 300-ஐ 0.003-ஆல் வகுக்க ஒரு லட்சம் நியூட்டன் வருகிறது. பட்டறைக் கணக்கில் பத்து டன்.

பாடப்புத்தகத்தில் இன்னொரு வழியும் உண்டு. உந்தத்தை நிற்கிற நேரத்தால் வகுத்தாலும் விசை வரும். இரண்டும் சரியான வழிதான். ஆனால் இடி நீடிப்பது சில மில்லிநொடி, அதை எதை வைத்து அளப்பது? வளைந்த தூரத்தை ஸ்டீல் ஸ்கேல் வைத்தே பார்த்துவிடலாம். 18ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து இயற்பியலாளர் ஸ்கிராவெசாண்டேயும் தூரத்தைத்தான் பார்த்தார். ஈரக் களிமண்ணில் பித்தளைக் குண்டுகளைப் போட்டார். வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்கு ஆழமானது. அதை எடுத்துக்கொண்டு 1740இல் பிரான்சின் எமிலி து சாட்லே தன் இயற்பியல் நூலில், ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று வாதாடினார். எங்களுக்கு அந்த வர்க்கம் வேறு வழியில் உறைத்தது. அவசரத்தில் தள்ளிய ஒரு தடவை வீடியோவில் நொடிக்கு 1.3 மீட்டர் வந்தது. வேகம் முப்பது சதவீதம்தான் கூடுதல், ஆற்றலோ 300-லிருந்து 507 ஜூல் ஆகிவிட்டது. சனிக்கிழமை ராத்திரி வந்தது இந்த டிராலிதான் என்பது என் ஊகம்.

இனி எதைப் போடுவது?

முதலாளி முதலில் சொன்னது, எல்லாருக்கும் முதலில் தோன்றுவது: இன்னும் கெட்டியாகப் போடு. ஆங்கிளுக்குப் பதில் ப வடிவச் சேனல், 12 எம்எம் போல்ட்டுக்குப் பதில் 16. கெட்டியாகப் போட்டால் 3 மில்லிமீட்டர் வளைந்தது 2 ஆகும், பத்து டன் பதினைந்தாகும். முட்டு எவ்வளவு பலமாகிறதோ அவ்வளவு அடியையும் அதுவே வரவழைத்துக்கொள்கிறது. அதோடு இடி விழுவது தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில். பிளேட்டின் பின்விளிம்பிலிருந்து முன் போல்ட்டுக்கு 15 சென்டிமீட்டர்தான். நெம்புகோல் கணக்கில் பழைய பத்து டன்னே பதின்மூன்றாகி, முன்னாலிருக்கும் இரண்டு போல்ட்டும் ஆளுக்கு ஆறரை டன் மேல்நோக்கி இழுபடும். அந்தப் பழைய காங்கிரீட் தரை இதற்கு மேல் தாங்கவே தாங்காது. சேனல் யோசனையை அந்த இடத்திலேயே கைவிட்டோம்.

அடுத்தது பழைய டயர். செலவில்லை, எந்த பஞ்சர் கடையிலும் கிடைக்கும். புது முட்டு வரும்வரை ஒரு வாரம் நாங்களும் சுவரோரம் டயர் கட்டித்தான் ஓட்டினோம். சத்தம் போய்விட்டது, அதில் எல்லாருக்கும் திருப்தி. ஆனால் டயர் வாங்கியதை வைத்துக்கொள்வதில்லை. வாங்கிய ஆற்றலில் பாதியைத் திருப்பிக் கொடுத்தாலே டிராலி நொடிக்கு 0.7 மீட்டர் வேகத்தில் பின்னால் வரும். பாதி ஆற்றல் என்றால் பாதி வேகம் இல்லை, எழுபது சதவீதம். இது பின்னால் நடந்து வந்த பையனின் முழங்கால் எலும்புக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. வீக்கம்தான், முறிவில்லை. ஐஸ் வைத்தோம். அன்றிலிருந்து டயரைப் பார்த்தாலே அவன் இரண்டடி தள்ளி நிற்கிறான்.

ஸ்பிரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 75 மில்லிமீட்டர் அமுங்குகிற கம்பிச்சுருள் என்றால் உச்ச விசை 8,000 நியூட்டன், முக்கால் டன்னுக்குச் சற்று மேல். எண் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டயர் பாதியைத் திருப்பித் தந்தால், ஸ்பிரிங் கிட்டத்தட்ட முழுசாகவே திருப்பித் தரும். அமுங்கிய நிலையில் பிடித்துவைக்க ஒரு கொக்கி இல்லாமல் ஸ்பிரிங் மட்டும் போடுவது டிராலியை எதிர்த்திசையில் ஏவிவிடுவதற்குச் சமம்.

ரப்பர் பஃபரில்தான் நிறைய நேரம் போனது. பெங்களூர் எஸ்.பி. ரோடு கடையில் கிடைத்த ஒன்று, 25 மில்லிமீட்டர் அமுங்க 24,000 நியூட்டன் கேட்கும், அதாவது ஏறக்குறைய இரண்டரை டன். ரப்பரும் ஸ்பிரிங் மாதிரி சுழியத்திலிருந்து ஏறுவதால் உச்ச விசை சராசரியைப் போல இரண்டு மடங்கு. 300 ஜூலை 25 மில்லிமீட்டரால் வகுத்தால் 12,000, அதன் இரட்டிப்பு 24,000. நம் டிராலிக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அதற்குள் முதலாளி, "ரெண்டு போடு, அடி பாதியாகும்" என்றார்.

இந்தத் தப்பை நான் படித்தவர்களிடமும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ரப்பர் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் வருகிற பங்கு குறையும், வாஸ்தவம். ஆனால் இரண்டும் சேர்ந்து இரண்டு மடங்கு விறைப்பாகிவிடுவதால் டிராலி அமுக்குகிற தூரம் குறைகிறது. மொத்த விசை 1.4 மடங்கு ஏறுகிறது, தரை போல்ட்டுக்குப் போவது இந்த மொத்தம்தான். அதே இரண்டு ரப்பரை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகக் கோர்த்தால் கதையே வேறு. அமுங்கும் தூரம் 35 மில்லிமீட்டர் ஆகிறது, விசை 17,000 நியூட்டனுக்கு இறங்குகிறது. வாங்குவது அதே இரண்டு உருண்டை, செலவும் அதே. கோர்த்தால் பக்கவாட்டில் பிதுங்கும் என்பதால் நடுவே ஒரு வழிகாட்டிக் கம்பி வேண்டும், அவ்வளவுதான். ரப்பரும் கொஞ்சம் திருப்பித் தள்ளும், ஆனால் டயர் அளவுக்கு இல்லை. எண்ணெய் பட்டால் சாதா ரப்பர் ஊறிப்போகும். எங்கள் மாதிரி கூலன்ட் தெறிக்கிற இடத்துக்குப் பாலியூரிதேன் வாங்குவது நல்லது.

என் மனசு இருந்ததென்னவோ ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பரில். ஒரு சிலிண்டர், அதில் எண்ணெய், எண்ணெய் வெளியேறச் சிறு துளைகள். பிஸ்டன் உள்ளே போகப்போகத் துளைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. டிராலி வேகமாக இருக்கும் தொடக்கத்தில் நிறைய துளைகள் திறந்திருக்கும், வேகம் குறையக் குறைய வழியும் குறையும். அதனால் விசை முதலிலிருந்து கடைசிவரை ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. கொடுத்த தூரத்தைக் கிட்டத்தட்ட முழுசாகப் பயன்படுத்திக்கொள்வது இது ஒன்றுதான். பிஸ்டன் ஓடும் தூரம், அதாவது ஸ்டிரோக், 75 மில்லிமீட்டர் என்றால், கச்சிதமாக இருந்தால் 4,000 நியூட்டன், நடைமுறையில் 85 சதவீதம் என்று வைத்தால் 4,700. அதே தூரத்துக்கு ஸ்பிரிங் கேட்டது 8,000. வாங்கிய ஆற்றல் எண்ணெயைச் சூடாக்கிவிட்டுப் போய்விடுகிறது, டிராலிக்குத் திரும்பி வருவதில்லை. இங்கே பெங்களூரில் உருவான தேஜஸ் போர்விமானத்தின் கடற்படை வகை 2020 ஜனவரி 11 அன்று ஐஎன்எஸ் விக்ரமாதித்யா என்ற விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் முதல்முறையாகக் கம்பியில் கொக்கி மாட்டி இறங்கியதே, அந்தக் கம்பியின் மறுமுனையிலும் எண்ணெயை நெருக்கித் தள்ளுகிற இயந்திரம்தான். ஓடுபாதை கிலோமீட்டர் கணக்கில் கேட்கும் விமானத்தை நூறு மீட்டருக்குள் நிறுத்த வேறு சாந்தமான வழியில்லை.

ஆனால் இந்தச் சிலிண்டருக்குச் செல்லம் அதிகம். டிராலி நேராக வந்து முட்ட வேண்டும். சில டிகிரி கோணம் விலகினாலே பிஸ்டன் தண்டு பக்கவாட்டில் உரசி சீல் போய்விடும். எங்கள் டிராலியின் சக்கரத்தில் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது. தரையில் எப்போதும் இரும்புத் தூள். கடைசி ஒரு மில்லிமீட்டரில் உலோகத்தோடு உலோகம் நின்றுகொள்ளத் தனியாக ஒரு தடுப்பும் வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் அடியில் போய் முட்டும். விலையோ ரப்பரைப் போலப் பல மடங்கு. சுத்தமான இடத்தில், தானாக ஓடும் லைனில், ஒரே வேகத்தில் வரும் லோடுக்கு யோசிக்காமல் இதைத்தான் வாங்கச் சொல்வேன். கையால் தள்ளும் டிராலிக்கு வேண்டாம்.

பிரேக்கையும் பார்த்தோம். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது உராய்வு மோசம். காய்ந்திருந்தால் எடையில் 15 சதவீதம் என்று வைக்கலாம். நான்கு சக்கரத்தையும் பிடித்தால் 90 கிலோ விசை, 34 சென்டிமீட்டரில் நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உராய்வு மூன்றில் ஒன்றாகி ஒரு மீட்டர் ஓடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, யாராவது அதை மிதிக்க வேண்டும். நைட் ஷிஃப்டில் மூன்று மணிக்கு மிதிப்பானா?

இதற்குள் ஃபோர்மேன் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். அவர் திருவாரூர்ப் பக்கம், பெங்களூர் வந்து இருபது வருஷம் ஆகிறது. "ஏன் தம்பி, தேரை இப்படி எதிலயாவது முட்டியா நிறுத்துறாங்க?" என்றார்.

திருவாரூர் ஆழித்தேர் சுமார் 300 டன். இப்போது அதற்குத் திருச்சி பெல் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கின்றன என்றாலும் முட்டுக்கட்டை போடுகிற ஆட்கள் இன்றைக்கும் சக்கரத்தை ஒட்டியே நடக்கிறார்கள். முட்டுக்கட்டை தேரை மோதி நிறுத்துவதில்லை. சக்கரத்தைக் கொஞ்சம் மேலே ஏறவைக்கிறது. நொடிக்கு 30 சென்டிமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகம் முழுதும் கரைய தேர் நாலரை மில்லிமீட்டர் உயர்ந்தால் போதும். இந்த உயரக் கணக்கில் எடையே வருவதில்லை. வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்தால் ஆயிற்று. எங்கள் டிராலிக்கு 51 மில்லிமீட்டர். தண்டவாளத்தின் கடைசி ஒன்றரை மீட்டரை ஐந்து சென்டிமீட்டர் தூக்கிவிட்டால் டிராலி 20 கிலோ விசையில் தானாக நிற்கும். போல்ட்டும் வேண்டாம், ரப்பரும் வேண்டாம்.

அப்புறம் திரும்ப உருண்டு வருமே? வரும். தூளி மாதிரி முன்னும் பின்னும் ஆடிப் பள்ளத்தில் போய் நிற்கும், மெஷின் மேஜைக்கு ஒன்றரை மீட்டர் தள்ளி. அதனால் முழுசாக இதை ஏற்க முடியவில்லை. ஆனால் அண்ணன் சொன்னதில் ஒரு நூல் கிடைத்தது. ஏற்றம் நிறுத்துகிறது என்றால், இறக்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது? தண்ணீர் நிரப்பிய ட்யூப் லெவல் பிடித்துப் பார்த்தோம். கழுவுகிற தண்ணீர் ஓடட்டும் என்று தரையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள், 6 மீட்டருக்கு 6 சென்டிமீட்டர். இந்தச் சரிவு 600 கிலோவை 6 கிலோ விசையில் இழுக்கிறது. ஸ்பிரிங் தராசை மாட்டிச் சமதளத்தில் இழுத்துப் பார்த்ததில் உருள்வதற்கான எதிர்ப்பு 3 கிலோதான். மிச்சம் 3 கிலோ, அதாவது கிட்டத்தட்ட 30 நியூட்டன், 6 மீட்டருக்கும் டிராலியைத் தள்ளிக்கொண்டே வருகிறது. கூட்டிப் பார்த்தால் 177 ஜூல். முட்டு வாங்கிய 300-ல் பாதிக்கு மேல் தரை கொடுத்தது. பையன் தள்ளியது வெறும் 123. இரண்டு வருஷமாக வேகமாகத் தள்ளாதே என்று அவனைத் திட்டியிருக்கிறோம்.

கடைசி மூன்று மீட்டரைச் சமமாக்கினால் முதல் பாதியில் சரிவு கொடுப்பதை உராய்வு முழுசாகத் தின்றுவிடும். பையன் கொடுத்த 123 மட்டும்தான் முட்டுக்கு வந்து சேரும். 6 மீட்டரையும் சமமாக்கியிருந்தால் டிராலி முட்டுக்கு வந்தே சேராது, நாலே கால் மீட்டரில் நின்றுவிடும். அதுவும் யோசிக்க வேண்டியதுதான், ஆனால் ஒவ்வொரு லோடையும் கடைசிவரை தள்ள ஆள் வேண்டும், மேஜையை 6 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். 3 சென்டிமீட்டர் என்றால் மேஜைக் காலுக்கு அடியில் பலகை வைத்தாலே போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், எண்களை மட்டும் பார்த்தால் தவறிவிடும். டிராலி நின்றால் லோடும் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. எண்ணெய் தடவிய காஸ்டிங் இரும்புத் தட்டில் சறுக்காமல் இருக்க, வேகம் குறைகிற வீதம் நொடிக்கு நொடி 2 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஒரு மீட்டர் வேகத்துக்கு அது 25 சென்டிமீட்டர் நிறுத்தும் தூரம். நான் மெச்சிக்கொண்ட ஹைட்ராலிக்கிலும் இந்த அளவு எட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. எந்த மாதிரி முட்டு போட்டாலும் காஸ்டிங் முன்னால் சறுக்கத்தான் போகிறது. தட்டைச் சுற்றி 40 எம்எம் ஆங்கிளால் வரப்பு கட்டுவதற்கு மாற்றே இல்லை.

முடிவு இப்படி ஆனது. கடைசி மூன்று மீட்டருக்குத் தண்டவாளத்துக்கு அடியில் உயரம் கூட்டும் தகடுகள் (ஷிம் பிளேட்), எல்லாம் ஸ்கிராப்பிலிருந்து வெட்டியது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு பாலியூரிதேன் பஃபர். தட்டுக்கு வரப்பு. பிளேட்டை நீட்டி, போல்ட்டுக்கும் பின்விளிம்புக்கும் இடையே 30 சென்டிமீட்டர். 1.3 மீட்டர் வேகம் வந்த அந்த மோசமான தள்ளலுக்கே கணக்குப் போட்டேன். 507-ல் 177 கழித்து 330 ஜூல், 37 மில்லிமீட்டர் அமுக்கம், 1.8 டன், போல்ட் ஒன்றுக்கு 600 கிலோ இழுப்பு. முன்பு சாதா நாளிலேயே ஆறரை டன் இழுத்ததை நினைத்தால் நிம்மதியாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்தது. முதலாளி கேட்ட டன்னை அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன்.

வழிகாட்டிக் கம்பியில் கிரீஸ் பூசிவைத்தது அண்ணன் யோசனை. பஃபர் அமுங்கும்போது கிரீஸை வழித்துக்கொண்டு போகும், வழித்த நீளத்தை ஸ்கேலில் படித்தால் எவ்வளவு அமுங்கியது என்று தெரிந்துவிடும். திங்கட்கிழமை 22 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் 116 ஜூல், எதிர்பார்த்தது 123. செவ்வாயும் புதனும் அதே 22, 23. ஒவ்வொரு நாளும் ஷிஃப்ட் முடிந்ததும் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிறோம். சனிக்கிழமை ராத்திரி வழித்திருந்தது 31. நொடிக்கு 0.88 மீட்டர். ஷிஃப்ட் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அன்றைக்குப் பையன் லீவு, தள்ளியது அண்ணனே.